நஞ்சு முத்தும் காலம்

மாசி மாதத்தில் மாயம்மாளின் புளிக் கொட்டகைக்குள் நுழைகிறவர்களுக்கு முதலில் பல் கூசும். அப்புறம்தான் உள்ளே யார் இருக்கிறார்கள் என்று கண்ணுக்குத் தெரியும். திண்டுக்கல்லிலிருந்து நத்தம் போகிற சாலையில், வீடுகள் முடிந்து தோட்டங்கள் தொடங்கும் இடத்தில் இருந்தது அந்தத் தகரக் கொட்டகை. சாலையோரப் புளிய மரங்களைக் குத்தகைக்கு எடுப்பது, உலுக்குவது, காயவைப்பது, ஓடு தட்டி நார் உரித்துக் கொட்டை எடுப்பது, இதுதான் அந்தக் குடும்பத்தின் பிழைப்பு. பத்துப் பன்னிரண்டு பெண்கள் சாக்கு விரித்து வரிசையாக உட்கார்ந்து தட்டுவார்கள். நடுவில் மாயம்மாள், ஒரு காலை நீட்டி ஒரு காலை மடக்கி, வாயில் வறுத்த புளியங்கொட்டையை அதக்கியபடி எல்லோர் கையையும் பார்த்துக்கொண்டிருப்பாள்.

அன்று மதியம் அவளுடைய இரண்டு மருமகள்களும் ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கியபோது சுத்தியல் சத்தம் ஒவ்வொன்றாக அடங்கியது. சின்ன மருமகள் தேவதர்ஷினிக்கு ஐந்தாம் மாத ஸ்கேன். பெரியவள் மலர்விழி துணைக்குப் போயிருந்தாள். பெரிய உறை அவள் கையில்தான் இருந்தது.

"என்னத்தா," என்றாள் மாயம்மாள். "முன்னாலயா, பின்னாலயா?"

கொட்டகையில் இருந்த யாருக்கும் அந்தக் கேள்வியை விளக்கத் தேவையில்லை. வயிற்றில் இருப்பது ஆணா பெண்ணா என்று டாக்டர் சொல்லக் கூடாது, சட்டம். ஆனால் நஞ்சு, பிள்ளையின் நஞ்சுக்கொடி, கர்ப்பப்பையில் எந்தப் பக்கம் ஒட்டியிருக்கிறது என்று காகிதத்தில் எழுதிவிடுவார்கள். வயிற்றுப் பக்கம் ஒட்டியிருந்தால் பெண், முதுகுப் பக்கம் ஒட்டியிருந்தால் ஆண். இதை யார் கண்டுபிடித்தார்கள் என்று தெரியாது. புளி தட்டுகிற பெண்கள் வாயிலிருந்து வாய்க்கு வந்து, மாயம்மாளிடம் வந்து சேர்ந்தபோது அது தெய்வ வாக்காகிவிட்டிருந்தது.

"சின்னவளக் கேளுங்க மதினி, அவதான காலேஜ் படிச்சவ," என்றாள் பாண்டியம்மா, கொட்டகையின் மூத்த வேலைக்காரி.

"காலேஜ்ல நஞ்சு எங்க இருக்குன்னா சொல்லிக்குடுத்தாக? பெத்தவளுக்குத்தான் இந்தப் பேப்பரு தெரியும். நீ சொல்லு மலரு."

மலர்விழி உறையைப் பிரிக்கவில்லை.

"பின்னால, அத்தை."

மாயம்மாள் வாயிலிருந்த கொட்டை நின்றது. "நல்லா பாத்தியா?"

"பாத்தேன். முதுகுப் பக்கம். ஆனா கொஞ்சம் கீழ எறங்கி இருக்காம். குனியக் கூடாது, கனம் தூக்கக் கூடாது, ரத்தம் ஒரு சொட்டு பட்டாலும் ஓடியாரணும்னாங்க."

"எறங்கட்டும், ஏறட்டும். ஆம்பளப் பய, தாங்குவான்." மாயம்மாள் கையைத் தரையில் ஊன்றி எழுந்தாள். சின்ன மருமகளின் கன்னத்தை இரண்டு கையாலும் வழித்துத் தன் நெற்றியில் சொடுக்கித் திருஷ்டி கழித்தாள். "ஏ பாண்டி, அந்தக் கட்டில வெளிய இழுத்துப் போடு. இவ இனிமே சாக்குல உக்காரக் கூடாது. மாரியாத்தா, வர்ற மாசிக்கு நத்தத்துல ஒனக்குப் பூக்குழி எறங்குறேன்டி."

தேவதர்ஷினி பெரியவளைப் பார்த்தாள். மலர்விழி உறையை இடுப்பில் செருகிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

காகிதத்தில் முன்னால் என்றுதான் இருந்தது.

காலையில் ஸ்கேன் சென்டரில், மேசைக்குப் பின்னால் இருந்த ரோஸ்மேரி சிஸ்டரிடம் மலர்விழி அதைக் கேட்டிருந்தாள். ஆறு வருடமாகக் கேட்க நினைத்த கேள்வி.

"முன்னால இருந்தா என்ன சிஸ்டர் அர்த்தம்?"

"ஒரு அர்த்தமும் இல்லக்கா. நஞ்சுங்கிறது செடி மாதிரி. எந்தச் செவுத்துல எடம் கெடைக்குதோ அங்கன ஒட்டும். முன்னால இருந்தா நடுவுல மெத்தை வச்ச மாதிரி, பிள்ள ஒதைக்கிறது லேட்டாத் தெரியும். அம்புட்டுத்தான்."

"ஆணு, பொண்ணு...?"

ரோஸ்மேரி சுவரில் இருந்த சட்டப் பலகையைக் காட்டிவிட்டுச் சிரித்தாள். "அதக் கேக்கக் கூடாது. கேட்டாலும் நஞ்சுக்கும் அதுக்கும் சம்பந்தமே கெடையாது. முன்னால இருக்கிற பயலுகளும் இருக்கானுக, பின்னால இருக்கிற பிள்ளைகளும் இருக்கு. இவங்களுக்கு நீங்க கவலப்பட வேண்டியது வேற. நஞ்சு கீழ, வாசல்கிட்ட இருக்கு. முக்காவாசிப் பேருக்குக் கர்ப்பப்பை பெருசாகப் பெருசாக மேல போயிரும். பலூன்ல ஒட்டின பொட்டு, ஊத ஊத வாயைவிட்டு வெலகிப் போகும்ல, அப்புடி. எட்டாம் மாசம் வந்து மறுபடி பாக்கணும்."

மலர்விழி தலையாட்டினாள். சம்பந்தமே கிடையாது. அந்தச் சொல்லை ஆட்டோவில் வரும்போது வாய்க்குள் திருப்பித் திருப்பிப் போட்டுக்கொண்டே வந்தாள். புளிப்பு அடங்கவில்லை.

மலர்விழிக்கு மூத்தது பெண், இலக்கியா. அவள் வயிற்றில் இருந்தபோது காகிதத்தில் முன்னால் என்று இருந்தது. பெண் பிறந்ததும் மாயம்மாளுக்கு அதில் சந்தேகமே இல்லாமல் போயிற்று. இரண்டாவது முறையும் முன்னால். கேட்டபோது மலர்விழி உள்ளதைச் சொன்னாள். சொல்லக் கூடாதென்று அவளுக்கு அப்போது தெரியாது. மறுநாள் காலையில் மாமியார் ஒரு டம்ளரை நீட்டினாள். "வாயுவுக்கு நல்லது, மூச்சு விடாமக் குடி." குடித்தாள். பொழுது சாய்வதற்குள் அவள் உட்கார்ந்து புளி தட்டிய சாக்கு ரத்தத்தில் நனைந்துவிட்டது.

புருஷன் ஆனந்த்ராஜ் அன்று நத்தத்தில் மரம் உலுக்கிக்கொண்டிருந்தான். செம்பட்டியிலிருந்து அவளுடைய அப்பாதான் பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்கு வந்தார். உள்ளங்கை நீளம். மூடின கண். பையன். இன்னும் ஒரு உதைகூட அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. மெத்தை வைத்த மாதிரி நடுவில் நஞ்சு இருந்திருக்கிறது. அப்பா அவனைத் தன் துண்டில் சுற்றி எடுத்துப்போய்ச் செம்பட்டித் தோட்டத்தில், கிணற்று மேட்டில், சப்பாத்திக் கள்ளி வேலியோரமாக மண்ணுக்குள் வைத்தார். இரண்டு வருடத்தில் அப்பாவும் போய்விட்டார்.

மாயம்மாள் மூன்றாம் நாள் வந்தாள். "கரு தங்கலை, என்ன செய்ய," என்று பக்கத்துக் கட்டில்காரியிடம் சொன்னாள். ஆனந்த்ராஜ் காலடியில் உட்கார்ந்திருந்தான். "அம்மா ஏதோ தெரியாமச் செஞ்சிருச்சு" என்று ஒரு தரம் சொன்னான். என்ன பிள்ளை என்று இருவரும் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது, காகிதத்தில்தான் இருந்ததே. இனிப் பிள்ளை நிற்காது என்று டாக்டர் சொன்னார்.

கேட்டிருந்தால் அன்றே சொல்லியிருப்பாள். கேட்காததால் வைத்துக்கொண்டாள். பழைய ஸ்கேன் காகிதத்தை பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கல்யாணச் சேலைக்கு அடியில் வைத்தாள். அதன் பிறகு அந்த வீட்டில் அவள் தேவைக்கு மேல் பேசியதில்லை. "நல்ல மருமக, வாயே தெறக்க மாட்டா" என்று மாயம்மாள் ஊரெல்லாம் பெருமையாகச் சொன்னாள்.

ஸ்கேன் எடுத்த அன்று சாயங்காலம் மலர்விழி களத்தில் புளியைக் கிளறிக்கொண்டிருந்தபோது தேவதர்ஷினி வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். குஜிலியம்பாறைப் பக்கம் மானாவாரிக் காட்டில் வளர்ந்த பெண், இருபத்துமூன்று வயது. எதையும் முகத்துக்கு நேராகக் கேட்டுவிடுவாள்.

"அக்கா, ஆன்டீரியர்னா முன்னால. எனக்கு இங்கிலீஷ் தெரியும்."

"தெரியட்டும்."

"பெறகு ஏன் பின்னாலன்னீங்க?"

மலர்விழி குச்சியை நிறுத்தவில்லை. "உனக்குப் பிள்ள வேணுமா, வேணாமா?"

"என்னக்கா இப்புடிக் கேக்குறீக?"

"வேணும்னா பேப்பரு எங்கிட்டயே இருக்கட்டும். அத்தை கையால ஒரு டம்ளரு எது குடுத்தாலும், தண்ணியா இருந்தாலும், எனக்குக் காட்டாமக் குடிக்காத."

சாலையில் ஒரு லாரி போனது. பிறகு, "உங்களுக்கு நடந்தது அதுவா?" என்றாள்.

"வெயிலு எறங்கிருச்சு. உள்ள போ."

"நாளைக்குப் பொண்ணு பொறந்துட்டா?"

"பொறக்கட்டுமே," என்றாள் மலர்விழி. அவள் சிரித்ததைத் தேவதர்ஷினி அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தாள். அது அவளுக்குப் பிடிக்கவில்லை.

மலர்விழி எல்லாம் யோசித்துத்தான் வைத்திருந்தாள். பெண் பிறந்தால், நான்கு மாதம் பேரனென்று தாங்கித் தூக்கிய கிழவி ஊர் முன்னால் குப்புற விழுவாள். ஆண் பிறந்தால், சேலைக்கு அடியில் காகிதம் இருக்கிறது. எந்தப் பக்கம் விழுந்தாலும் அடி. கிழவி எவ்வளவு உயரத்தில் இருந்து விழுகிறாள் என்பதுதான் இனி மிச்சம். அந்த உயரத்தை மலர்விழி தன் கையாலேயே கட்டினாள்.

"பின்னால இருக்கிற பிள்ளைக்கு ஆட்டு ஈரல் நல்லதாம் அத்தை." ஈரல் வந்தது. "மாதுளம்பழம் சொன்னாங்க அத்தை." மாதுளை வந்தது. வாழ்நாளெல்லாம் பழைய சோற்றுக்குப் புளியங்கொழுந்துத் துவையலே வெஞ்சனமாகத் தின்ற மாயம்மாள், சின்ன மருமகளுக்குத் தினம் ஒரு கறி வைத்தாள். இலக்கியா எட்டிப் பார்த்தால், "ஓடு கழுத, அது தம்பிக்கு" என்றாள். மலர்விழி மகளுடைய முகத்தைப் பார்த்து அதையும் சேர்த்து வைத்துக்கொண்டாள்.

சித்திரையில் ஒரு நாள் காலை தேவதர்ஷினி பாத்ரூமிலிருந்து கூப்பிட்டாள். சேலையில் ரூபாய் அகலத்துக்கு ரத்தம். வலி இல்லை.

மலர்விழி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஆறு வருடத்துக்கு முந்திய சாக்கு கண்ணுக்குள் வந்து நின்றது. மாயம்மாள்தான் ஓடினாள். ஆட்டோவுக்கு முன்னால் விழுந்து மறித்தாள். மருமகளுடைய காலைத் தன் மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, திண்டுக்கல் மலைக்கோட்டை தெரிகிற வரைக்கும் அழுதாள். "ஆத்தா மாரி, என்னை எடுத்துக்க. அந்தப் பூச்சிய விட்டுரு. அது என்ன பாவம் பண்ணுச்சு? அதுக்கு என்ன தெரியும்?"

எதிர் சீட்டில் உட்கார்ந்திருந்த மலர்விழி அந்தச் சொல்லில் நிமிர்ந்தாள். அதுக்கு என்ன தெரியும். இந்தக் கிழவிக்கு இதெல்லாம் சொல்லத் தெரிந்திருக்கிறது. கண்ணீர் இருந்திருக்கிறது. ஓடுவதற்குக் கால் இருந்திருக்கிறது. மனதில் ஈரம் ஒன்றும் இல்லாதவள் என்று நினைத்திருந்தவரைக்கும் மன்னிக்க ஏதோ ஒரு ஓரம் இருந்தது. இப்போது அதுவும் போயிற்று.

ரத்தம் தானாக நின்றுவிட்டது. நான்கு நாள் படுக்கவைத்து அனுப்பினார்கள். முதல் பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு அழைத்துப்போகப் பெண்ணின் அம்மா குஜிலியம்பாறையிலிருந்து வந்தபோது மாயம்மாள் வாசலிலேயே மறித்தாள். "தப்பா நெனைக்காதீக சம்பந்தி. அம்புட்டுத் தொலவுல ராத்திரி பகல்ல ஒண்ணுன்னா எந்த வண்டி வரும்? இங்க கூப்புடு தூரத்துல ஆஸ்பத்திரி. எம் பேரன நான் பாத்துக்கிறேன்."

எட்டாம் மாத ஸ்கேனுக்குக் கிழவியும் வந்தாள். ரோஸ்மேரி சொன்னாள்: "பயமில்லம்மா. நஞ்சு மேல ஏறிருச்சு. கிரேடு ரெண்டு. நல்லா முத்திட்டு வருது."

"முத்துறதுன்னா?" மாயம்மாள் பயந்தாள்.

மலர்விழிதான் விளக்கினாள். "புளி மாதிரிதான் அத்தை. கிரேடு பூச்சியம்னா பிஞ்சு. ஒண்ணு காய். ரெண்டு ஒதப்பழம். மூணுன்னா பழம். அப்புறம் மரத்துல நிக்காது."

"ஒதப்பழமா?" கிழவியின் முகம் தெளிந்தது. பாதி பழுத்த புளியைப் பற்றி அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். "அப்ப ஓடும் சதையும் இன்னும் ஒட்டிக்கிட்டுத்தான் இருக்கும். இன்னும் கொஞ்ச நாளு நிக்கணும். அவசரப்பட்டு உலுக்கக் கூடாது."

"ஆமா அத்தை. அவசரப்படக் கூடாது," என்றாள் மலர்விழி.

ஆடிக்காற்று தகரத்தைப் பிய்த்துக்கொண்டு அடித்த ஒரு முற்பகலில் தேவதர்ஷினிக்குச் சுகப்பிரசவம் ஆனது. பையன். மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் கூட.

மலர்விழி வார்டுக்குள் போனபோது மாயம்மாள் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் சம்மணம் போட்டு, பிள்ளையை மடியில் கிடத்தியிருந்தாள். சேனை வைக்கக் கூடாதென்று நர்ஸ் திட்டிவிட்டுப் போனாளாம். சீனித் தண்ணீர்க் கிண்ணத்தை முந்தானைக்குள் ஒளித்து வைத்திருந்தாள். சின்ன மகன் அழகுராஜா கேரளாவுக்குப் புளி ஏற்றிப் போயிருந்தான். ஆனந்த்ராஜ் பிளாஸ்கில் டீ வாங்கி வந்து கதவோரம் நின்றான்.

"வாடி எந் தங்கம்," என்றாள் மாயம்மாள். "உன் வாய்க்குச் சக்கரை போடணும். பின்னாலன்ன, பலிச்சிருச்சு பாரு. நஞ்சு பொய் சொல்லுமா? எத்தன டாக்டரு வந்தாலும் நம்ம கணக்குத் தப்புமா?"

கிழவியின் முகத்தில் இருந்த அந்த வெளிச்சத்தை மலர்விழி கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். இதற்கு மேல் உயரம் இல்லை. ஓடு தனியாகக் கழன்றுவிட்டது.

பையிலிருந்து இரண்டு காகிதங்களை எடுத்துக் கட்டிலில் வைத்தாள்.

"தர்ஷினி, மேல இருக்கிறது உன்னோடது. நஞ்சு எங்கன்னு வாசி."

"அக்கா, இப்ப வேணாம்."

"வாசி."

"ஆன்டீரியர்," என்றாள் அவள் மெல்ல. "முன்னால, அத்தை."

மாயம்மாள் சிரித்தாள். "என்னடி வெளையாட்டு? பயலக் கையில வச்சிருக்கேன்."

"வெளையாட்டு இல்ல. மொதல்லயிருந்தே முன்னாலதான். பின்னாலன்னு பொய் சொன்னது நான். அடுத்தத வாசி தர்ஷினி. பேரு, வருஷம், எல்லாம் வாசி."

தேவதர்ஷினி வாசித்தாள். மலர்விழி, வயது இருபத்தாறு. ஆறு வருடத்துக்கு முந்திய மாசி. ஆன்டீரியர். வாசித்து முடித்ததும் அவள் கை தானாகத் தன் வயிற்றுக்குப் போனது.

மாயம்மாள் அந்தப் பழைய காகிதத்தையும் மடியில் இருந்த பிள்ளையையும் மாறி மாறிப் பார்த்தாள். எழுத்துத் தெரியாதவள்தான். ஆனால் மடியில் கிடப்பதை வாசிக்க எழுத்து வேண்டியதில்லை. சிரிப்பு முகத்தில் இருந்து போகத் தெரியாமல் அங்கேயே நின்றது.

"அப்ப... அது?"

"பையன்."

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லலை. நான் பாத்தேன். எங்கப்பா பாத்தாரு. நீங்க கேக்கலை. உங்க மகனும் கேக்கலை."

ஆனந்த்ராஜ் பிளாஸ்கைத் தரையில் வைத்தான். நிமிர அவனுக்கு நேரமானது. "மலரு, எங்கிட்டயாவது..." என்றான்.

அவள் திரும்பவில்லை. மாமியாருக்கு நேரே குனிந்தாள். "பொட்டப் பிள்ளையா இருந்திருந்தாலும் எனக்கு அது பிள்ளதான். ஆம்பளைன்னாத்தான் உங்களுக்கு வலிக்கும். அதுக்குத்தான் வச்சிருந்தேன்."

கிழவி கத்துவாள், மாரில் அடித்துக்கொள்வாள் என்று மலர்விழி எதிர்பார்த்திருந்தாள். அதைக் கேட்கத்தான் ஆறு வருடம் காதைத் தீட்டியிருந்தாள். மாயம்மாள் கத்தவில்லை. மடியில் கிடந்தவனை ஒரு கையால் இறுக்கிக்கொண்டு மறுகையால் மலர்விழியின் முந்தானையைப் பிடித்தாள்.

"எங்கடி வச்சீக அவன?"

இந்தக் கேள்வியை மலர்விழி யோசித்து வைக்கவில்லை. செம்பட்டி, கிணற்று மேடு என்று நாக்கு வரைக்கும் வந்தது. சொன்னால் கிழவி போவாள். விழுந்து அழுவாள். பால் தெளிப்பாள். அழுது முடித்துவிடுவாள்.

"ஒரு புளிய மரத்தடியில," என்றாள்.

"எந்த மரம்?"

"நத்தம் ரோட்டு மரம்தான்."

முந்தானையை விடுவித்துக்கொண்டு வெளியே வந்தாள். காற்று கண்ணில் மண்ணை அடித்தது.

மறு மாசி வந்தது. மாயம்மாள் நேர்ந்துகொண்டபடி பூக்குழி இறங்கினாள். கால் சுட்டதாக அவள் சொல்லவில்லை. பேரன் தவழ ஆரம்பித்திருந்தான். எல்லோரும் தூக்கினார்கள், கிழவியைத் தவிர. ஆனந்த்ராஜ் கொட்டகையிலேயே படுத்துக்கொள்ளப் பழகியிருந்தான். இலக்கியாவுக்கு மட்டும் இப்போது வீட்டில் முதல் தட்டு; அப்பத்தா அவள் முகத்தைப் பார்க்காமல் பரிமாறினாள்.

உலுக்குகிற நாட்களில்தான் வேலை கெட்டது. ஆள் மரத்தில் ஏறி நின்ற பிறகு, "செத்த நேரம் நில்லுப்பா" என்று கீழேயிருந்து மாயம்மாள் கையைக் காட்டுவாள். வேரைச் சுற்றிக் கிடக்கிற சருகைக் கையால் ஒதுக்குவாள். மண்ணைத் தடவிப் பார்ப்பாள். சொம்பிலிருந்து ஒரு கை தண்ணீர் விடுவாள். நத்தம் வரைக்கும் அந்தச் சாலையில் எத்தனை மரம் என்று யாரும் எண்ணியதில்லை.

"மதினிக்கு என்ன ஆச்சு? கெழக்க இருந்து ஒவ்வொரு மரமா நின்னுக்கிட்டே வாராக," என்றாள் பாண்டியம்மா.

மலர்விழி கீழே விழுந்த பழம் ஒன்றை எடுத்து நெரித்தாள். ஓடு பொடியாக உதிர்ந்தது. நல்ல விளைச்சல்.

மாயம்மாள் மரத்தடியில் குந்தியபடி தலையைத் தூக்கினாள். வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, காலையிலிருந்து ஒன்பதாவது தடவையாக அதே குரலில் கேட்டாள்.

"இதா மலரு?"

செம்பட்டிப் பக்கம் போகிற பஸ் ஒன்று திண்டுக்கல்லை நோக்கி அவர்களைக் கடந்து போனது. மலர்விழி அது மறையும் வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அடுத்த மரத்தைப் பாருங்க, அத்தை."